வண்டிக்குள் தின்றது

ஜனவரி 14
காலை ஃபெர்ரியில் எனக்கு வேலை. மலைகளுக்கு நடுவே நீளும் ஃபியோர்டுக் கடலில் காற்று பலம். லாரிகளை நடுவில் நிறுத்தச் சொன்னேன். நாள் முழுக்கக் கறுப்புக் காபி மட்டும். இன்றாவது கட்டுப்பாடாக இருக்கலாம் என்றுதான். வேலை முடிந்ததும் கடைக்குப் போனேன். ஒரு பை லவங்கப்பட்டை பன், ஒரு ரொட்டி, பழுப்புச் சீஸ் முழுக்கட்டி. தேவாலயத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தித் தின்றேன். கத்தி இல்லை. சீஸைக் கடித்தே தின்றேன்.

ஜனவரி 15
சாப்பிடவில்லை. தண்டனை.

ஜனவரி 22
மனைவி சுன்னிவா துறைமுகத்துக்குப் போன் செய்திருக்கிறாள். என்னோடு வேலை செய்யும் ஊட்வார் எடுத்தானாம்.
"மூணு மணிக்கே கிளம்பிட்டியாமே, ஊட்வார் சொன்னான். யாரு அவ?"
ஆமாம், ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிடலாமா? இதைவிட அது மரியாதையாக இருக்கும் என்று பட்டது.
"பன்னு" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாள். வண்டிக்குக் கூட்டிப்போய் சீட்டுக்கு அடியில் கிடந்த உறைகளைக் காட்டினேன்.
"எல்லாம் நீயேவா?"
"ஆமா."
அவள்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

ஜனவரி 30
டாக்டர் ஓஷில் எடையே பார்க்கவில்லை.
"காலைல என்ன சாப்பிடுவீங்க?"
ஒன்றும் இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
"அங்கதான் ஆரம்பிக்குது. பகல் பூரா பட்டினி போட்டா உடம்பு சாயங்காலம் சும்மா விடுமா? உங்களுக்குப் பேராசை இல்ல. இது ஒரு நோய். வைத்தியமும் இருக்கு."
பேராசை இல்லையாம். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 11
டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் ஓட்ஸ் கஞ்சி. பயமாகத்தான் இருக்கிறது. மதியம் ஊழியர் அறையில் சாப்பிட உட்கார்ந்தேன்.
"அட, நீயும் சாப்பிடுவியா? காபியிலயே ஓடுற இன்ஜின்னுல்ல நெனச்சேன்" என்றான் ஊட்வார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
சாயங்கால வெறி குறைந்திருக்கிறது. அப்படியானால் பாதி வெறும் பசிதானா? மீதி?

மார்ச் 2
பெர்கன் நகரத்திலிருந்து அண்ணன் போனில் பேசினான். அப்பாவின் மீன்பிடிப் படகை விற்றுவிட்டானாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். சரியாம்! நேரே கடை. பசியே இல்லை. மறுபடி அதே தேவாலயம், அதே பன். பாதியில்தான் கவனித்தேன் — வாய் நிறைய ரொட்டியோடு அண்ணனிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை.
வீட்டுக்குப் போய் சுன்னிவாவிடம் நடந்ததைச் சொன்னேன்.
"உங்கண்ணன் என்ன சொன்னாரு?" என்றுதான் முதலில் கேட்டாள்.

மார்ச் 3
எழுந்ததும், இன்று பட்டினி கிடக்க வேண்டும் என்று தோன்றியது. கஞ்சி குடித்தேன். இறங்கவில்லை, இருந்தாலும் குடித்தேன்.
ஃபெர்ரி மேல்தளத்தில் நின்று அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். "என்னைக் கேட்டிருக்கணும் நீ."
"தெரியும்டா" என்றான். படகு போனது போனதுதான்.
மதியம் மீன் சூப். உப்பு குறைவு. ஊட்வாரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.