சம்பந்தி வீட்டாரோடு துப்பாக்கி சுட்ட சனிக்கிழமை

நோத்ர-டாம்-த-கிரேஸ், மாண்ட்ரியல்
14-10-1974

அன்புள்ள சியாமளாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வான்கூவர் மழையில் நீயும் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். உன்னோடு படிக்கிற ஆந்த்ரேயைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று எழுதிவிட்டாய், அதைப் படித்ததிலிருந்து அப்பா சாப்பிட உட்கார்ந்தால் குளிரைப் பற்றி மட்டும்தான் பேசினார், அதனால்தான் இத்தனை நாள் பதில் இல்லை. போன வாரம் அந்தப் பையனின் அப்பா திபோதோ போன் செய்து, சனிக்கிழமை எங்கள் கிளப்பில் துப்பாக்கிப் போட்டி, சும்மா சிநேகிதப் போட்டிதான், இரண்டு பேரும் வாருங்கள் என்றார். நேரில் பார்த்து, இது ஒத்துவராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று அப்பா கிளம்பினார். எனக்கும் அதில் மறுப்பில்லை, உன்னிடம் ஒளிப்பானேன்.

புவாண்ட்-கிளேரையும் தாண்டிப் போனால் சோளம் அறுத்த வயல்களுக்கு நடுவே ஒரு மைதானம். நான் புடவைக்கு மேல் கோட்டும் காலில் உன் பழைய பூட்ஸுமாகப் போய் இறங்கினேன். எல்லாம் அந்தக் காலத்துத் துப்பாக்கிகள், குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, நீளக் கம்பியால் கெட்டித்துத்தான் சுட வேண்டும். குழலுக்குள் மரை வெட்டிய ரைஃபிளுக்குத் தனிப் போட்டி, மரை இல்லாத வழவழப்பான மஸ்கெட்டுக்குத் தனிப் போட்டி. மஸ்கெட் குண்டு எங்கே போகும் என்று அதற்கே தெரியாதாம், அதனால் தோற்றாலும் யாருக்கும் வெட்கமில்லையாம். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மிஸ்டர் திபோதோ, நம்ம பிள்ளைங்க விஷயமா, என்று ஆரம்பிப்பார், டமால் என்று வெடிக்கும். புகை கலைந்ததும் மறுபடி ஆரம்பிப்பார், மறுபடி டமால். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

விருந்தாளி ஒரு குண்டாவது சுட வேண்டும் என்று அப்பா கையில் ஒரு மஸ்கெட்டைக் கொடுத்தார்கள். விசையை இழுத்தார், டக் என்றதே தவிர வெடிக்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டபடி துப்பாக்கியோடு எங்கள் பக்கம் திரும்பப் போனார். திபோதோ கத்தவில்லை, ஓர் எட்டு வைத்துக் குழலைக் கையால் பிடித்துக் குறிப்பக்கமே நிறுத்தி, அசையாதீங்க, உள்ளே இன்னும் நெருப்பு இருக்கும் என்றார். சொல்லி வாய் மூடவில்லை, வெடித்தது. குண்டு மண்மேட்டில் போய்ப் புதைந்தது. அப்பா திரும்பியிருந்தால் அது நாங்கள் நின்ற இடத்துக்குத்தான் வந்திருக்கும். ஓடி வந்தவர்களிடம் திபோதோ, மருந்து நமுத்திருக்கு, நான்தான் பார்த்துக் கொடுத்திருக்கணும் என்று சொல்லிவிட்டார், அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சூடாகக் காபி கொடுத்து, குடித்து முடித்ததும் திரும்ப அழைத்துப்போய்ப் பக்கத்திலேயே நின்று சுட வைத்தார். இந்தத் தடவை குண்டு குறிப்பலகையின் ஓரத்தில் பட்டது, எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா சின்னப் பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத்தான்.

சாப்பிடும்போது என் எலுமிச்சஞ்சாதத்தைப் பையனின் அம்மா மதாம் திபோதோ இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். பிறகு மெல்ல, உண்மையைச் சொல்லட்டுமா, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டோம் என்றாள். நாங்களும் அதுக்குத்தான் வந்தோம் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம் பார், புரை ஏறிவிட்டது. சிரித்து ஓய்ந்ததும், உங்க பொண்ணு அவனை நல்லா பார்த்துக்குவாளா என்று கேட்டாள். நான் அவளிடம் கேட்க வைத்திருந்ததும் அதேதான், சியாமளா. பார்த்துக்குவா, ஆனா கோபம் வந்தா பேசமாட்டா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் பால் வாங்க டெப்பனர் கடையில் நிறுத்தியபோது அப்பா, தப்பு பண்ணினவனைத் தலைகுனிய விடாத மனுஷன், பிள்ளையையும் அப்படித்தான் வளர்த்திருப்பார் என்றார். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள். கோயிலா சர்ச்சா என்பதை நாங்கள் நாலு பேரும் பேசிக்கொள்கிறோம், நீ படிப்பை முடிக்கிற வழியைப் பார். ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், முருகன் துணை. ஒன்று மட்டும் மறக்காதே. வீட்டில் எதிர்ப்பு என்றதும் ஆந்த்ரே தன் அம்மாவுக்கு எழுதுவதையே விட்டுவிட்டானாம், கிளம்பும்போது மதாம் திபோதோ என்னிடம் சொன்னாள். எனக்கு நீ அப்புறம் எழுதலாம். முதலில் அவனை உட்கார வைத்து அவன் அம்மாவுக்கு எழுதச் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
அனுசூயா