செருப்பு வரிசை

ஆமத்தூர்
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் உயிரோடும் வாயோடும் இருக்கிறேன். நீயும் அண்ணியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் கம்பெனி வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் பட்டாசுக் கம்பெனி வெடி விபத்தில் போன வெள்ளைத்தாயின் குழிமேட்டில் இன்னும் மண் காயவில்லை. நாலு பேர் இருக்க வேண்டிய வெடிமருந்து ரூமில் பதினோரு பேரை உட்கார வைத்தது யார் என்று கேட்கத்தான் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் போய் உட்கார்ந்தோம். உட்காரும் முன்னால் எல்லாரும் செருப்பைக் கழற்றி ரோட்டோரம் வரிசையாக வைத்தோம். யாரும் சொல்லவில்லை. கூட்டமாக உட்காரப் போகிறோம் என்றாலே கால் தானாகக் கழற்றிவிடுகிறது. தார் சுட்ட பிறகுதான் கற்பகவல்லி அக்கா, "ஏட்டி, இங்கன என்ன மருந்தா கிடக்கு?" என்று சிரித்தாள்.

போலீஸ் எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், சாயந்தரம் வரை கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். வெறுங்காலோடுதான் வீடு வந்து சேர்ந்தோம். இப்போது ஏழு பேர் மேல் வழக்கு. போலீஸ் மேல் செருப்பை எறிந்தோமாம்!

எதிர் டீக்கடையில் நீ நின்றதைப் பார்த்தேன். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவர முதலாளி அனுப்பியிருப்பார். எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். ரொம்பக் கோபம்.

உன் தங்கை,
இன்பம்


சிவகாசி
2.8.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணிக்கு முழங்கால் வலி இன்னும் குறையவில்லை. நீ கொடுத்தனுப்பிய கருப்பட்டி வந்து சேர்ந்தது.

உன் வாய்தான் உனக்குச் சத்துரு என்று அம்மா சொல்வாள். வக்கீலிடம் விசாரித்தேன். செருப்பு எறிந்ததை ஏழு பேரும் ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடுமாம். அதை நானே கட்டிவிடுகிறேன். போலீஸ் தரப்பு சாட்சியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். பெயர் கொடுத்தது முதலாளி. நீங்கள் ஒப்புக்கொண்டால் நான் கூண்டேற வேண்டியதில்லை. என் நிலைமையையும் பார். வேலை போர்மேன் வேலை, இருக்கிற வீடு கம்பெனி வீடு. இரண்டும் ஒரே நாளில் போகும். ஊரோடு ஒத்துப் போ தாயி.

அண்ணன்,
சுந்தர்ராஜ்


ஆமத்தூர்
11.8.2024

அண்ணனுக்கு,

மாட்டேன்.

எறிந்தோம் என்று ஒப்புக்கொண்டால், வெள்ளைத்தாய்க்காகக் கேட்டவர்கள் எல்லாரும் ரவுடிப் பொம்பளைகள் என்று ஆகிவிடும். அப்புறம் அந்தப் பதினோரு பேரைப் பற்றி யார் வாயைத் திறப்பார்? ஜெயில் என்றால் ஜெயில். மற்ற ஆறு பேரும் இதையேதான் சொல்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "ஊக்கு, கொலுசு எல்லாம் வெளிய. செருப்ப வரிசையா வைங்கத்தா, ஒரு பொறி போதும்" என்று கம்பெனி கேட்டில் நின்று கத்தியவன் நீ. உன் பாடத்தைத்தான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒப்பித்தோம். ஞாயிறு பள்ளியில் ஒன்பதாவது கட்டளையை எனக்கு மனப்பாடம் செய்வித்ததும் நீதான். பொய்ச்சாட்சியைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

எங்களுக்காக நீ பேச வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல். அது முடியாதென்றால் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுப் பக்கம் வராதே.

இன்பம்


ஆமத்தூர்
6.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. நீ அவர்கள் பக்கம்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இன்று கோர்ட்டில் உன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாய். "போட்டுட்டே வாங்க" என்று டவாலி சொன்னது உன் காதில் விழவில்லை. கூண்டில் ஏறினாய். "செருப்ப எறிஞ்சாங்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார். நீ குனிந்து உன் காலையே பார்த்தாய். மாஜிஸ்திரேட் அம்மா உன் காலைப் பார்த்துவிட்டு, "ஏன் வெறுங்காலோட நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பழக்கந்தாம்மா. மருந்து ரூமுக்குள்ள செருப்போட போகக் கூடாது. எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது நாந்தான். அன்னைக்கும் இவுக அப்படித்தான் கழட்டி வரிசையா வச்சாக. ஒருத்தியும் எறியல. எடுத்துப் போடக்கூட விடாம வேன்ல ஏத்துனாக."

அரசு வக்கீல் உன்னைப் பிறழ்சாட்சி என்றார். நீயோ கேட்காததையும் சொன்னாய். "வெள்ளைத்தாய் இருந்த ரூம்ல பதினோரு பேரு. ஆர்டர் முடியணும்னு முதலாளி உக்கார வச்சாரு." பின்பெஞ்சில் இருந்த கம்பெனி மேனேஜர் எழுந்து வெளியே போனான். கற்பகவல்லி அக்கா கோர்ட் என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். நானும்தான்.

கூண்டிலிருந்து இறங்கி யாரையும் பார்க்காமல் போய்விட்டாய். பஸ் ஸ்டாண்டு வரை ஓடி வந்து தேடினேன், காணவில்லை. செருப்பைக் கோர்ட் வாசலிலேயே விட்டுவிட்டாய்.

இந்நேரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். அண்ணியைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. இருக்கிற கஞ்சியைப் பகிர்ந்து குடிப்போம். தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் வரட்டும். வெள்ளைத்தாய்க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் திங்கட்கிழமை மறுபடியும் போய் உட்காருகிறோம்.

உன் செருப்பு என் வாசலில், என் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்து போட்டுக்கொள். கலெக்டர் ஆபீஸ் வரை போட்டுக்கொண்டு வந்து, அங்கே கழற்றி எங்களோடு வரிசையில் வை.

உன் தங்கை,
இன்பம்