இளஞ்சிவப்பு உருண்டை

3ஆம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள ஆராய்ச்சியாளர் அம்மாவுக்கு,

பல்செட் செய்யும் உன் கணவன் எழுதுவது. இங்கே நானும் நம் குட்டி வாலும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நான்கு பக்கத்துக்கு என்னைத் திட்டி எழுத உனக்குத் தெம்பு இருக்கிறது, அதுவே போதும்.

முதலில் ஸ்லைடு விவகாரம். இளஞ்சிவப்பு மகரந்தம் வைத்து நான் அனுப்பிய ஆறு ஸ்லைடும் வெறும் கண்ணாடியாக இருக்கிறது என்கிறாய். "கழுவும்போதே எல்லாத்தையும் கொட்டிடுறீங்க, கொஞ்சம் நிதானமா செஞ்சா என்ன" என்று கேட்டிருக்கிறாய். நிதானத்தைப் பற்றி என்னிடமா பேசுகிறாய்? பதினைந்து வருடமாக ஊரார் வாய்க்குப் பல் அடுக்குகிறவன் நான். இம்மி பிசகினாலும் பல் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

என் காலைப் பொழுது எப்படிப் போகிறது என்று ஒருமுறை எழுதிவிடுகிறேன், அப்போதாவது உனக்கு இரக்கம் வருகிறதா பார்ப்போம். ஏழு மணிக்குப் பின்பக்க ஜன்னலில் இருக்கும் உன் தேனீப் பெட்டியின் வாசலைப் பஞ்சால் அடைக்கிறேன். வெளியே போன கொசுத்தேனீக்கள் திரும்பி வந்து, வழி தெரியாமல் என் மூக்கு, காது, தலைமுடி என்று புகப் பார்க்கின்றன. கொட்டாத தேனீ என்று நீ பெருமையடிப்பாய். கொட்டாதுதான். ஆனால் கடிக்கும். அதை ஒருநாளாவது சொல்லியிருக்கிறாயா? அவற்றில் முப்பதைக் குழாயால் உறிஞ்சிப் புட்டியில் பிடித்து, ஃபிரிட்ஜில் மூன்று நிமிடம் வைத்து, அவை மரத்துக் கிடக்கும்போது பின்னங்காலில் அப்பியிருக்கும் மகரந்த உருண்டையை ஊசியால் எடுத்து, நிறம் நிறமாகப் பிரித்து நோட்டில் எழுதி, தேனீக்களை வெயிலில் வைத்துத் தெளியவைத்து அனுப்ப வேண்டும். பிறகு நீ சொன்னபடி உருண்டைகளைச் சுடுநீரில் போட்டு, மேலே மிதக்கும் எண்ணெயைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதை ஸ்லைடில் வைக்க வேண்டும். இதற்கிடையில் வாலுக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, காணாமல் போன ஒற்றை ஷூவைத் தேட வேண்டும். போன வாரம் டிபனோடு சேர்ந்து தேனீப் புட்டியும் பள்ளிக்கூடம் போய்விட்டது. அவளுடைய டீச்சரிடம் நான் வாங்கிய பேச்சு தனிக் கதை.

இளஞ்சிவப்பில் எண்ணெய்தான் நிறைய மிதக்கிறது. அதைக் கொட்டினால் அடியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதில் என் கைத்தப்பு எங்கே வந்தது?

இது தேனீ கூடு கட்டக் கொண்டு வரும் பிசினாக இருக்குமோ, விரலில் ஒட்டுகிறதா என்று கேட்டிருந்தாய். ஒட்டவில்லை. வழவழப்பாக உருள்கிறது. நாள் முழுக்க மெழுகில் புழங்கும் விரல் இது. ஒட்டுவது எது, ஒட்டாதது எது என்று எனக்குத் தெரியாதா?

அந்தப் பூவையும் தேடிவிட்டேன். இந்தப் பொடித் தேனீ அரைக் கிலோமீட்டருக்கு மேல் போகாது, சுற்று வட்டாரத்தில்தான் இருக்க வேண்டும் என்றாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை நானும் வாலும் தெருத் தெருவாக நடந்தோம். மஞ்சள் உருண்டை சூரியகாந்தி, வெள்ளை உருண்டை கொய்யா, அதெல்லாம் சரி. இளஞ்சிவப்பில் பொடி வைத்திருக்கும் பூ ஒன்றுகூட இல்லை. மூலை வீட்டுக்காரர் வெளியே வந்து, "யாருங்க நீங்க, மூணு வாரமா எங்க வீட்டையே பாத்துட்டு நிக்கிறீங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வால் முந்திக்கொண்டு, "எங்கப்பா பூவுக்குள்ள பவுடர் தேடுறாரு" என்றாள். அவர் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

இப்போது உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். ஊரில் இருக்கும் தேனீ என்ன சாப்பிடுகிறது, காட்டில் இருக்கும் தேனீ என்ன சாப்பிடுகிறது என்று ஒப்பிட மூன்று மாதம் போதும் என்று போனாய். ஏழு மாதமாயிற்று. வருகிற 28ஆம் தேதி கட்டாயம் வருவேன் என்றாய். ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில், ஊர்த் தேனீயின் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு யாருக்கும் தெரியாத ஒரு பூ என்று உறுதியானால் பேராசிரியர் இன்னும் ஒரு வருடம் வேலை தருவார் என்று எழுதியிருக்கிறாய். பொடி எழுத்தில் எழுதினால் ஒரு வருடம் சின்னதாகிவிடுமா?

நீ கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில், "இதெல்லாம் ஒண்ணுமில்லாமதான் போகப் போவுது" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அந்த வாய்க்குத் தண்டனையாகத்தான் ஏழு மாதமாகத் தேனீயோடு மல்லுக்கட்டுகிறேன். ஆனால் இன்னும் ஒரு வருடம் முடியாது. வாலால் முடியாது. சரி, என்னாலும்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் உதவியாளன், சமையல்காரன், கணவன்


12ஆம் தேதி, புதன்கிழமை

அன்புள்ளவளுக்கு,

நலம். இது சின்னக் கடிதம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

பல் டாக்டர் போன் செய்து கத்தினார். பாட்டு வாத்தியாரின் வாயில் வைத்துப் பார்ப்பதற்காக நான் அனுப்பிய மெழுகுப் பல்செட்டில் ஈறு முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருக்கிறதாம். "எலி கடிச்ச மாதிரி இருக்கேப்பா, இதை எப்படி ஒரு மனுஷன் வாயில வைக்கிறது?" என்றார். திரும்ப வாங்கிப் பூசி அனுப்பினேன். வீட்டோடு இருக்கும் என் பட்டறையின் ஜன்னலை மூன்று நாளாகச் சாத்தி வைத்திருக்கிறேன்.

இதோடு வைத்திருக்கும் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும், இந்த மூன்று நாளும் இளஞ்சிவப்பு ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டியது இருக்கிறது. இந்தக் கடிதத்தில் வேண்டாம். அதுவரை பேராசிரியரிடம் அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடாதே. இதை மட்டும் கேள், மற்ற எதையும் கேட்க வேண்டாம்.

வாலுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. உடனே ஒரு பல் செய்து மாட்டச் சொல்லி அடம். "அம்மா வர்றதுக்குள்ள புதுசு முளைச்சிடுமா?" என்று கேட்டாள். பல் முளைக்க எத்தனை நாளாகும் என்று என்னால் சொல்ல முடியும். மற்றதைச் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்


20ஆம் தேதி, வியாழக்கிழமை

என் அன்புள்ளவளுக்கு,

நேற்று உன் பதில் வந்தது. படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவசரப்படாதே என்று எழுதினால் இப்படியா அவசரப்படுவாய்? இளஞ்சிவப்பு நின்றுவிட்டது என்றதும், "பாத்தீங்களா, பூக்கிற காலம் முடிஞ்சிடுச்சு, கொஞ்ச நாளே பூக்கிற மரம் அது" என்று நீயே முடிவு கட்டி, பேராசிரியரிடம் சொல்லி, 26ஆம் தேதி ஆராய்ச்சியாளர் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் படிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எண்ணெய் அதிகம், தோல் மெல்லியது, சுடுநீர் பட்டதும் உடைந்துவிடுகிற மகரந்தம் என்று அதற்கு ஜாதகமே எழுதிவிட்டாய்.

அது மகரந்தம் இல்லை. அப்படி ஒரு பூவும் இல்லை. அது என் பட்டறை மெழுகு.

பல்செட்டில் ஈறு செய்யும் இளஞ்சிவப்பு மெழுகு. டாக்டர் கத்திய அன்று, பூசிச் சரிசெய்த பல்செட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பாட்டு வாத்தியாரின் ஈறில் பன்னிரண்டு தேனீ உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் வாயால் ஒரு துணுக்கைக் கடித்து, முன்காலால் வாங்கி, நடுக்காலுக்குக் கொடுத்து, பின்னங்காலில் அப்பிக்கொண்டு கிளம்பிற்று. மகரந்தத்தை எப்படிச் சுமக்குமோ அப்படியேதான். பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மகரந்தமும் தேனும் சேர்த்து வைக்கக் கட்டுகிற குட்டிப் பானைகளில் ஆறேழு, அச்சு அசல் ஈறு நிறம். அவை வீடு கட்டக் கொண்டு வந்ததை நான் சாப்பாட்டுக் கணக்கில் எழுதியிருக்கிறேன். ஜன்னலைச் சாத்தினேன், இளஞ்சிவப்பு நின்றது. பூக்கிற காலம் முடிந்த கதை இதுதான்.

சுடுநீரில் மிதந்தது எண்ணெயும் இல்லை. மெழுகு உருகி மிதந்தது. மெழுகை உருக்கியே பிழைக்கிற எனக்கு அது தெரியவில்லை. எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீ கேட்பாய். நானும் பதினொரு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலை முதல் மாலை வரை என் நகக்கண், சட்டை, மேஜை எல்லாம் அந்த நிறம்தான். பார்த்துப் பார்த்து அது எனக்கு ஒரு நிறமாகவே படவில்லை. தேனீயின் காலில் இருந்ததால் மகரந்தம் என்று நினைத்துவிட்டேன். ஒட்டுகிறதா என்று நீ சரியான கேள்வியைத்தான் கேட்டாய். பெரிய இவன் மாதிரி ஒட்டவில்லை என்று எழுதிவிட்டு, அப்படியானால் மெழுகோ என்று யோசிக்காதவன் நான்.

பதினொரு நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு வருடம் போய்விடும், நீ 28ஆம் தேதி வந்துவிடுவாய். எனக்கு வேண்டியதும் அதுதான். அதனாலேயே சொல்ல வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் அப்படிப் பேசியவன் இப்போது, உன் கண்டுபிடிப்பு என் மெழுகு என்று எழுதினால், உன்னை வரவழைக்க நானே கட்டிய கதை என்று உனக்குத் தோன்றாதா? எனக்கே தோன்றும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிக்னலுக்காகக் குன்று ஏறிப் போன் செய்தாயே, அப்போது சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். மூச்சு வாங்க வாங்க, "பேராசிரியர் இன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டினாருங்க" என்றாய். உன் குரலை அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று! போனை வாலிடம் கொடுத்துவிட்டேன். நீயும் அவளும் விழுந்த பல்லைப் பற்றிப் பேசினீர்கள். நான் அடுப்படியில் நின்று, துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கூட்டம் என்கிறாய். அங்கே யாராவது ஒருவர் எழுந்து, இது மெழுகாச்சே என்று சொல்லி, நாலு பேர் சிரித்தால்? நீ என்மேல் எரிந்து விழலாம், எனக்குப் பழக்கம்தான். உன்னைப் பார்த்து வேறு யாரும் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. இந்தப் பார்சல் 23ஆம் தேதி உங்கள் முகாம் ஜீப்பில் உன் கைக்கு வந்துவிடும். இதோடு ஒரு தாளில் கழுவாத உருண்டை நான்கும், இன்னொரு தாளில் என் மெழுகுத் துண்டு ஒன்றும் மடித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் கொஞ்சம் சூடு காட்டிப் பார். ஒரே மாதிரி ஒழுகும். கூட்டத்துக்கு முன்னால் நீயே போய்ப் பேராசிரியரிடம் சொல்லிவிடு. "எங்க வீட்டுக்காரர் பண்ணின கூத்து சார் இது" என்று சொல். அது உண்மைதானே. உன் பேரில் ஒரு குறையும் வரக் கூடாது.

மஞ்சளும் வெள்ளையும் மற்ற ஏழு நிறமும் நல்ல மகரந்தம்தான். இளஞ்சிவப்பு இருக்கிற வரிகளை மட்டும் நோட்டில் சிவப்பு மையால் அடித்து, புதுக் கணக்கை அடியில் எழுதி, நோட்டையும் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். ஏழு மாதத்து வேலையில் அந்த நிறத்தைத் தவிர எதுவும் வீணாகவில்லை. அன்று நான் சொன்னது தப்பு. இதை நேரில் சொல்லத் தைரியம் வராது, அதனால் எழுதி வைக்கிறேன்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் அவர்கள் உன்னை இருக்கச் சொன்னால், உனக்கும் அந்தக் காட்டில் பார்க்க வேண்டியது பாக்கி இருந்தால், இரு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். வைத்துக்கொண்டாலும் உனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிறேன். காலையில் பஞ்சு வைத்து அடைத்து, முப்பது பிடித்து, ஒழுங்காக எழுதி அனுப்புகிறேன். வாலையும் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இல்லாத ஒரு பூவுக்காக மட்டும் எங்களை விட்டு அங்கே இருந்துவிடாதே.

உன் பதிலுக்கு இல்லை, உனக்கே காத்திருக்கும்,
உன் கணவன்