கடைசித் தெருவில் தண்ணீர் இனிக்கிறது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனேன். கடைசித் தெருக் குழாயடியில் வழக்கத்தைவிடக் கூட்டம். பக்கத்துத் தெருப் பெண்களும் குடத்தோடு நிற்கிறார்கள். "இங்கதான் தண்ணி நல்லா இருக்காம்" என்றாள் ஒருத்தி. குடிநீர் அலுவலகத்தில் சேர்ந்த இத்தனை வருடத்தில் தண்ணீரைப் பற்றி யாரும் என்னிடம் நல்ல வார்த்தை சொன்னதில்லை. கலங்கல், நாற்றம், புழு — இதைத்தான் கேட்டுப் பழக்கம். சிரிப்பு வந்தது.

பரிசோதனைக் கூடத்தில் பார்த்தேன். கலங்கல் இல்லை, குளோரின் சரி, கிருமி இல்லை. எல்லாம் வரம்புக்குள்.

மார்ச் 6, வியாழன்

அக்கா வீடும் அதே தெருதான். சாயங்காலம் போயிருந்தேன். அவள் சின்ன வயதிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். அத்தான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். இன்று நான் உட்கார்ந்திருந்த நேரத்துக்குள் தம்ளர் தம்ளராக ஊற்றிக் குடிக்கிறாள்.

"குடிச்சுப் பாரேன்டி. சர்க்கரை போட்ட மாதிரி இருக்கு."

ஒரு மடக்கு குடித்தேன். ஆமாம். விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்கிற இனிப்பு. தம்ளரைச் சரியாகக் கழுவவில்லையோ என்று நானே கழுவிப் பிடித்தேன். அதே இனிப்பு.

மார்ச் 7, வெள்ளி

பொறியாளரிடம் சொன்னேன். "தண்ணி இனிக்குதுன்னு புகார் சொல்ற முதல் ஆள் நீங்கதான்மா. நம்ம சோதனைப் பட்டியல்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

சரியாகத்தான் இருக்கிறது. பட்டியலில் இருப்பதைத்தான் சோதிக்கிறோம். இல்லாததை?

மதியம் மறுபடி போய்க் குடித்துப் பார்த்தேன். இன்று இனிக்கவில்லை. என் நாக்கு மேலேயே எனக்குச் சந்தேகம்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டு வாசலில் ஒரு பூனை, குடித்துவிட்டு வருகிறவனைப் போல நடந்தது. சுவரில் மோதியது. நின்றது. மறுபடி அதே இடத்தில் மோதியது. சத்தமே போடவில்லை. குழாயடியில் தேங்கிய தண்ணீரை இன்னும் சில பூனைகள் நக்கிக்கொண்டிருந்தன. ஆளைக் கண்டால் பறக்கிற ஜன்மங்கள். நான் பக்கத்தில் போய் நின்றும் ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தெருவில் பூனை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. யாரும் அதைக் கவனித்த மாதிரியும் இல்லை.

குழாயடியில் சண்டை இல்லை. அதுதான் என்னை ஏதோ செய்தது. அத்தனை பேரும் அமைதியாக நிற்கிறார்கள். சிலர் குடம் நிறையும்வரை பொறுக்காமல் கையில் ஏந்திக் குடிக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு. அக்காவின் எதிர்வீட்டுத் தையல்காரர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். "நம்ம தெருவுக்கு யோகம் அடிச்சிருக்கும்மா." நாக்கு குழறியது. அவர் குடிக்கிற மனுஷன் இல்லையே.

மார்ச் 12, புதன்

காலையில் கடைசித் தெருச் சாக்கடை ஓரம் ஒரு பூனை செத்துக் கிடந்தது. சாக்கில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அறுத்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சிறுநீரகம் முழுக்கப் படிகம். வண்டிக்கு ஊத்துற கூலண்ட் எங்கேயாவது ஒழுகுதா பாருங்க. இனிப்பா இருக்கும், ஆனா விஷம். பூனைங்க கிடைச்சா விடாம நக்கும்."

கூலண்ட். அந்தத் தெரு முனையில் இருப்பது குளிர்பதனக் கிடங்கு. அங்கே குழாய் குழாயாக ஓடுவதும் அந்த மாதிரித் திரவம்தானே —

அக்காவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓடினேன்.

சுருண்டு படுத்திருந்தாள். விடிந்ததிலிருந்து வாந்தியாம். அத்தான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தம்ளரை வாயில் சாய்த்துக்கொண்டிருக்கிறார்! தட்டிவிட்டேன். தம்ளர் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. "என்னம்மா பண்ற? வாந்தி எடுத்தா தண்ணி குடிக்க வேணாமா?" கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அக்கா மட்டும் காலியான தம்ளரைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

அத்தானோடு அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வுக்காரரிடம் போனேன். "மேல இருந்து உத்தரவு இல்லாம மூடினா என் வேலை போயிடும்மா." எந்த இடம் என்று காட்டினால் போதும், நானே மூடுகிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு வந்து அவரே மூடினார்.

விஷம் கலந்திருக்கிறது என்று சொல்லியும் தெருவே திரண்டு வந்து ஏசியது. "நல்ல தண்ணி வந்தா உங்களுக்குப் பொறுக்காதே!" ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு குடம் மட்டும் விடும்மா. ஒரே ஒரு குடம்." எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள். தையல்காரர் வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. கதவைத் தட்டி உள்ளே போனேன். அவரையும் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறார்கள் என்றார் அவர் மனைவி.

மார்ச் 13, வியாழன்

பொறியாளரைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். நம் குழாயிலிருந்து அவர்களுடைய குளிரூட்டும் குழாய்க்கு நேராக ஒரு ரப்பர் குழாய். நடுவில் திரும்பவிடாமல் தடுக்கிற வால்வு கிடையாது. ஊர்த் தண்ணீரின் அழுத்தம் குறையும்போதெல்லாம் அவர்கள் பம்பு அந்தத் திரவத்தை நம் குழாய்க்குள் தள்ளியிருக்கிறது. அதனால்தான் சில நேரம் இனித்தது, சில நேரம் இல்லை.

"தண்ணி நிரப்பிட்டு ஒரு நாள் கழட்ட மறந்துட்டாங்க போல" என்றார் மேலாளர். எந்த நாள் என்று கேட்டேன். பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

பொறியாளர் வெளியே வந்து வண்டியில் கை ஊன்றி நின்றார். "நீங்க சொன்னதுல இருந்து... டிரைவர்கிட்ட சொல்லி தினமும் அந்தத் தண்ணியத்தான் வீட்டுக்குப் பிடிச்சுட்டுப் போறேன்மா."

உடனே வீட்டுக்கு போன் போடச் சொன்னேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் மனைவி எடுத்து "ஹலோ" என்று சொல்லும்வரை நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

தையல்காரர் போய்விட்டார்.

மார்ச் 20, வியாழன்

அக்காவுக்கு மறுபடி இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். இன்று கொஞ்சம் சிறுநீர் இறங்கியது. அத்தான் வராந்தாவில் நின்று எல்லோருக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், கல்யாணச் சேதி சொல்கிற மாதிரி. பொறியாளர் வீட்டில் எல்லோரும் பிழைத்தார்கள். கிடங்குக்குப் பூட்டு.

அக்கா கண் விழித்ததும் தாகம் என்றாள். நர்ஸ் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அக்கா முகத்தைச் சுளித்தாள். "இது நல்லாவே இல்லடி."

மார்ச் 28, வெள்ளி

குழாயை அலசி, தடுப்பு வால்வு வைத்து, இன்று கடைசித் தெருவுக்குத் தண்ணீர் திறந்தோம். வெறும் தண்ணீர். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

பழைய தண்ணீர் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனேன். தையல்காரர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிய குடங்கள்.

"அவர் பிடிச்சு வெச்சது. இவ்ளோ நல்ல தண்ணி குடிச்சதே இல்லன்னு சொல்லிக்கிட்டே பிடிச்சாரு. கீழ ஊத்த மனசு வரலம்மா."

துணியை விலக்கிப் பார்த்தேன். ஒரு குடம் மட்டும் பாதிதான் இருந்தது.

"குடிச்சீங்களா?"

அவர் மெஷின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டேன். "சாயங்காலத்துல மட்டும்" என்றார், நாக்கு தடிக்க.

ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றேன். மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடத்தை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அலுவலக வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குலுங்கும்போதெல்லாம் சிந்திவிடாமல் குடத்தின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஈரமான அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். போய்ச் சேரும்வரை விடவில்லை.