பொத்தானுக்கு எத்தனை மார்க்

ஜூன் 18, திங்கள்

காலையிலிருந்து காற்று. குற்றாலத்தில் சாரலாம். இங்கே வாய் நிறையப் புழுதி. கொடியில் காயப்போட்ட பாவாடை பக்கத்து வீட்டு வேப்பமரத்தில்.

பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. தமிழ்ச் சுருக்கெழுத்து, சீனியர், ஆகஸ்ட் 4. மூன்றாம் தடவை. முதல் தடவை பென்சில் முனை ஒடிந்து கோட்டை விட்டேன். இரண்டாம் தடவை ஒன்றும் ஒடியவில்லை, வேகம்தான் வரவில்லை. இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர் வாசிப்பது தினம் ஒரு மணி நேரம். மிச்சத்தை வீட்டில் பழகு என்கிறார். எங்கள் வீட்டிலா? முன்கூடத்தில் நான்கு பவர்லூம், விடிந்ததிலிருந்து சடக் சடக். கரண்ட் போனால்தான் இந்த வீட்டில் காது திறக்கும்.

அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார், தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி. "இந்தத் தடவையும் போச்சுன்னா பென்சிலத் தூரப் போட்டுட்டு தார் சுத்த உக்காரு. சொல்லிட்டேன்." தார்க்கட்டையில் நூல் சுற்றுவது ஒன்றும் கேவலமில்லை, அம்மா இருபது வருஷமாகச் சுற்றுகிறாள். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் வருஷக் கடைசியில் ஸ்டெனோ வேலை காலியாகிறது. சீனியர் பாஸ் என்றால் என்னை அனுப்புவதாக மாஸ்டர் வாக்கு.

சாயங்காலம் அரை மணி தறியை நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "தறி நின்னா உலை நிக்கும்ட்டி." அதோடு சரி.

ஜூன் 20, புதன்

நூர்ஜஹான் வாழ்க. டைப்ரைட்டிங்கில் என் பக்கத்து மிஷின்காரி. இனி நூ. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது. அவள் வீட்டுக்காரர் சவுதியில். கடிதம் எழுதச் சோம்பல், கேசட்டில் பேசி அனுப்புவார். கேட்பதற்கு ஒரு சின்ன டேப் ரெக்கார்டரும், தலையில் மாட்டுகிற, பஞ்சு வைத்த இயர்போனும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"இயர்போன் எதுக்குட்டி?" என்றேன்.

"மாமிக்குக் கேக்கணும்னா ஸ்பீக்கர்ல வைப்பேன். எனக்கு மட்டும்னா இது." முகம் சிவந்துவிட்டது கழுதைக்கு.

அடுத்த கேசட் வரும் வரை செட் என்னிடமே இருக்கலாம். பதிவதற்குக் கேசட்டும் கொடுத்தாள். "இது பூரா அங்கன சோறு சரியில்லன்னுதான் பேசுதாக. ஒரு தடவ கேட்டாப் போதும். அழிச்சிக்கோ."

மாஸ்டரைக் கெஞ்சி ஐந்து நிமிடப் பகுதி ஒன்றை வாசிக்க வைத்துப் பதிந்தேன். மூன்றாம் நிமிடத்தில் தும்மல். பொடி போடுகிற மூக்கு. மறுபடி வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். "பரீட்சையில மட்டும் ரெண்டு தடவ வாசிப்பாங்களா? ஒரே தடவைதான். பழகிக்கோ."

ஜூன் 24, ஞாயிறு

ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்தேன். தறி ஜெயித்தது. ஆக இயர்போன்தான் வழி.

நூ.வின் பஞ்சு இயர்போன். சுகமோ சுகம். காதில் ஏதோ இருக்கிற நினைப்பே இல்லை. தலைக் கம்பி மட்டும் பின்னலில் சிக்குகிறது. குரல் இதம், மாஸ்டர் தும்மியபோது முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் இடது காதில் மட்டும்தான் கேட்கிறது, வலது ஊமை. அதைவிட மோசம், பஞ்சு வழியாகத் தறியும் உள்ளே வந்து மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எழுதியதைத் திருப்பி வாசித்தால் மூன்றில் ஒரு பங்கு காணோம்.

சுகத்துக்கு 9. சத்தத்துக்கு 8. உபயோகத்துக்கு 2.

என் தலை எண்ணெயைப் பஞ்சு குடித்துவிட்டது. நூ. பார்த்தால் கொல்லுவாள். சீயக்காய் போட்டு அலசி வெயிலில் வைத்தேன்.

ஜூன் 26, செவ்வாய்

ரேடியோ ரிப்பேர் அண்ணாச்சியிடம் போனேன். இடது காது மர்மம் தீர்ந்தது. "மிஷினு ஒத்தக்காதுக்கு உள்ளது, காதுமாட்டி ரெட்டக்காதுக்கு உள்ளது. பின்ன எப்படிம்மா சேரும்?" மேலே பரணில் துழாவி ஒன்றை எடுத்தார். கறுப்பு. பட்டாளத்தில் ஒயர்லெஸ்காரர்கள் மாட்டியதாம். தூக்கினால் அரைப்படி அரிசிக் கனம். செட்டில் சொருகுகிற பின்னை மாற்றி வைத்துக் கொடுத்தார். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

மாட்டினேன். ஆகா, தறி காணோம்! நான்கு தறியும் எங்கோ கரிவலம்வந்தநல்லூரில் ஓடுகிற மாதிரி. அழுகை வந்தது, உண்மையாகவே. அப்பா தறிப் பக்கத்திலிருந்து வாயசைக்கிறார், கேட்கவில்லை. எவ்வளவு நிம்மதி.

பத்து நிமிடம்தான். பிறகு காது வடைச்சட்டி. கம்மல் அழுந்திக் காதுமடலில் ரத்தம். மாஸ்டர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிறார், எல்லா எழுத்தும் ஒன்றுதான். தும்மல், கூரையில் தேங்காய் விழுந்தது போல. அம்மா வந்து தோளைத் தொட்டதும் கத்திவிட்டேன்.

சுகம் 1. சத்தம் 3. தறியை விரட்டியதற்கு 10.

ஜூன் 28, வியாழன்

கம்மலைக் கழற்றிவிட்டும் மாட்டிப் பார்த்தாயிற்று. முடியாது. அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தேன். "பட்டாளத்துக்காரன் மண்ட வேற, ஒன் மண்ட வேறம்மா" என்று ஆறுதல்.

இனி மிச்சம் வீட்டு டிரான்சிஸ்டரோடு வந்த பொத்தான் இயர்போன். வெள்ளைப் பொத்தான், ஒற்றை ஒயர், ஒரு காது. அப்பா தொட்டதே கிடையாது. பின் பொருந்தியது. காதில் நிற்கவில்லை. தலையை ஆட்டினால் விழுகிறது, ஆட்டாவிட்டால் குத்துகிறது. சத்தம் தகரடப்பா. மாஸ்டருக்கு நெஞ்சே கிடையாது, மூக்கு மட்டும். தும்மல், தீக்குச்சி உரசினாற்போல.

சுகம் 0. சத்தம் 2.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தகரம்தான், ஆனால் வார்த்தைக்கு ஓரம் இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிகிறது. சரி, 3.

ஜூலை 1, ஞாயிறு

காது வீங்கிவிட்டது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். "காது போன பிறகு எந்த ஆபீஸ்ல வேல தருவான்?"

படுத்திருக்கும்போது யோசனை. ரப்பர் வேண்டும். மெல்லிசாக. சைக்கிள் கடைக்குப் போய், டயர் வால்வில் மாட்டுகிற வால்டியூப் கேட்டேன்.

"எந்தச் சைக்கிளுக்கும்மா?"

"காதுக்கு."

கடைக்காரர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு விரல் நீளம் வெட்டிக் கொடுத்தார், ஒன்றும் கேட்காமல்.

எச்சில் தொட்டு இழுத்துப் பொத்தானின் மூக்கில் மாட்டினேன். காதில் திருகினேன். நின்றது! தலையை ஆட்டினேன், நின்றது. குதித்தேன், நின்றது. குத்தவில்லை. ரப்பர் நாற்றம் கொஞ்சம். சுகம் 0-லிருந்து 6.

ஜூலை 9, திங்கள்

வலது காதில் பொத்தான், இடது காதில் தறி. முதல் நான்கு நாள் பைத்தியம் பிடித்தது. எழுத்தெல்லாம் சடக் சடக் என்று வளைந்தது. இன்றைக்கு என்ன ஆயிற்றென்றால், ஐந்து நிமிடமும் எழுதி முடித்துப் பென்சிலை வைத்த பிறகுதான் தறி ஓடுகிறது என்று தெரிந்தது. நடுவில் எங்கே போயிருந்தது? நிறுத்தவில்லை, அம்மாவிடம் கேட்டேன்.

விட்டுப்போனது ஒன்பது வார்த்தை. போன வாரம் நாற்பது.

புதுப் பகுதி பதிய வேண்டும், இது மனப்பாடமாகிவிட்டது. தும்மல் வருமிடத்தில் கை தானாகவே பென்சிலைத் தூக்குகிறது.

ஜூலை 22, ஞாயிறு

நூ. வந்தாள். அடுத்த கேசட் வந்துவிட்டதாம், ஊருக்கு வந்த ஒருவர் கையில் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டிருந்தாராம். செட்டைக் கேட்பாளோ என்று எடுத்துத் துடைத்து வைத்தேன். பத்து நிமிடம் மட்டும் போதும் என்றாள், என் பொத்தானைக் காதில் வைத்துக் கேட்டாள். அடுப்படி மூலையில், சுவரைப் பார்த்து.

"ஏட்டி கோமு, இது அவுக குரலே இல்ல. தகரக் கொட்டாயில நின்னு பேசுதாப்ல இருக்கு."

"விளங்குதா?"

"விளங்குது. ஒரு வார்த்த விடாம விளங்குது. அதுதான் வெக்கமா இருக்கு." கேசட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பரீட்சை முடிகிற வரை செட் என்னிடமே. துவா செய்வதாகச் சொன்னாள். தங்கம்.

புதுப் பகுதி, தறியோடு: விட்டது இரண்டு.

ஆகஸ்ட் 3, வெள்ளி

ஆடித்தபசுக் கூட்டம். ரத வீதி முழுக்க வளையல் கடை, ராட்டினம், வெளியூர் வண்டி. அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். பென்சில் ஆறு, இரண்டு பக்கமும் சீவியது. ஹால் டிக்கெட். கைக்குட்டை. பொத்தானை எடுத்துப்போக முடியாது, தெரியும். இருந்தாலும் பர்ஸில் போட்டேன்.

அப்பா சாப்பிடும்போது என்னைப் பார்க்கவே இல்லை. அம்மா தார்க்கட்டைகளைத் துடைத்துப் புதிதாக ஒரு கூடையில் அடுக்கியிருக்கிறாள். எனக்கா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, சனி

எழுதித் தள்ளிவிட்டேன். எழுதித் தள்ளிவிட்டேன். எழுதித் தள்ளிவிட்டேன்.

நிதானமாக எழுதுகிறேன். பரீட்சை ரத வீதிப் பள்ளிக்கூடத்தில். வாசிப்பவர் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. "ஒரு தடவைதான் வாசிப்பேன்" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கினார். அரை நிமிடம் ஆகவில்லை, ஜன்னலுக்கு நேரே கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அலறியது. நாதஸ்வரம், நடுநடுவே காணாமல் போன பிள்ளைகள் அறிவிப்பு. பியூனை ஓடி நிறுத்தச் சொன்னார்கள். யார் நிறுத்துவார்கள், திருவிழாவில்? "சார் கேக்கல, சார் கேக்கல" என்று நாலு பக்கமும் குரல். அவர் நிறுத்தாமல் வாசிக்கிறார்.

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் கொஞ்சம் திரும்பினேன். வலது காதை அவருக்குக் கொடுத்தேன். இடது காதை ஸ்பீக்கருக்கு விட்டுக் கொடுத்தேன், நீ கத்து ராசா என்று. ஒல்லிக் குரல் வந்தது. தகரக் குரல். வார்த்தை வார்த்தையாக, ஓரத்தோடு. சத்தியமாக, காதில் ரப்பர் இருப்பது போலவே இருந்தது.

மூன்றாம் நிமிடத்தில் கை நின்றது! தும்மலுக்காக! இந்த மனிதர் எங்கே தும்மப் போகிறார்? ஒரு வார்த்தை ஓடிப்போயிற்று, அடுத்ததைப் பிடித்துவிட்டேன். கடைசி வரை பிடித்தேன்.

வாசலில் சிவகிரிப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே மனு எழுதினாள், மறுபரீட்சை வேண்டும் என்று. "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா." வாசித்தேன். 'யாருக்கும் கேட்கவில்லை' என்றிருந்தது. அதை அடித்துப் 'பலருக்கும்' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை. பாவம்தான், ஆனால் பொய் சொல்ல மாட்டேன். மறுபடி வைத்தால் வைக்கட்டும். ஸ்பீக்கரோடேயே வைக்கட்டும்.

பொத்தானுக்கு மார்க் திருத்தம்: சத்தம் 3 அல்ல, 10.

அக்டோபர் 17, புதன்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். மனு என்னவாயிற்றோ, மறுபரீட்சை இல்லை. இன்றைக்கு ரிசல்ட். மாஸ்டர் இன்ஸ்டிடியூட் வாசலிலேயே பொடி டப்பாவோடு நின்றார். எங்கள் இன்ஸ்டிடியூட்டில் ஒரே நம்பர். என் நம்பர். ஃபர்ஸ்ட் கிளாஸ். மாஸ்டர் வாழ்த்த வாயைத் திறந்தார், தும்மினார். நூ. மிஷினை விட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். நனைந்த குடையோடு.

வீட்டுக்கு ஓடினேன். நான்கு தறியும் ஓடுகிறது. வாசலில் நின்று "பாஸ்" என்றேன். கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னேன். இருபத்தைந்து வருஷத் தறியில் அப்பாவுக்குப் பாதிக் காது போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

"என்னட்டி?"

கையைக் காட்டி இரு என்றார். முதல் தறியை நிறுத்தினார். இரண்டாவது. நடந்து போய் மூன்றாவது. நான்காவது. கரண்ட் இருக்கிறது, பல்பு எரிகிறது, தறி ஓடவில்லை. கூரையில் மழை விழுவது கேட்டது. அம்மா தாரை மடியில் வைத்தபடி வந்து நின்றாள்.

"இப்பச் சொல்லு."

"பாஸ்ப்பா. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். முதல் தடவையே கேட்டுவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ."