புது நெல்லுக்கு விலாசம் இல்லை

தை மாதம், இரண்டாம் வெள்ளி.

நெல் சாய்ந்து கிடக்கிறது. நாளை மறுநாள் மழை என்கிறார்கள். ஊரில் அறுவடை மிஷின் கிடைக்காமல் இவர் மதியம் என் லேப்டாப்பில் தேடினார். வாடகை குறைவாக ஒன்று வந்ததாம். முன்பணம் கட்டப் போனதும் திரை முழுக்கச் சிவப்பாகி எச்சரிக்கை வந்துவிட்டது.

"இன்னாடி எழவு இது? புக் பண்ணவே வுட மாட்டேங்குது. எடுத்துப் போடு மொதல்ல."

போலித் தளங்களைத் தடுக்கும் இலவச எக்ஸ்டென்ஷன் ஒன்றை பிரவுசரில் போட்டு வைத்தவள் நான்தான். எடுக்க முடியாது என்றேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமா வந்தார். எந்தத் தளம் என்று பார்த்தவர் முகம் செத்துப்போனது.

"இதுலதான்பா நேத்து நான் கட்னேன். மிஷினும் வரல, அக்கவுண்டும் காலி."

இவர் லேப்டாப்பை மூடிவிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். சாயங்காலம் பூரணாங்குப்பத்தில் ஒரு மிஷின் கிடைத்தது, காலையில் வருகிறது. அப்பாடா என்றிருக்கிறது. மாமாவை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

சாப்பிடும்போது கேட்டார், "அந்த செவப்பு எச்சரிக்கைய செஞ்சவங்க எந்த கம்பெனி?"

"கம்பெனி இல்லீங்க. நாலு நாட்டு ஆளுங்க, வேல முடிஞ்சி வந்து சும்மா செய்றாங்க. நன்கொடகூட வேணாம்னு எழுதியிருக்காங்க."

"அதெப்படி? ஒத்தாசை பண்ணவங்களுக்குக் குடுக்காம களத்துலேர்ந்து நெல்ல எப்படி வூட்டுக்கு எடுத்தாறது?"

காலையில் எடுத்துப்போகும் சாக்குகளில் ஒன்றை மட்டும் தனியாக மடித்து வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். அந்த நாலு நாட்டு ஆட்களின் பங்காம். எந்த விலாசத்துக்கு அனுப்புவது?