யூடித்தை அழைத்து வந்தேன்

கோபன்ஹேகன், ஜூன் 1945

என் அன்புக் கணவருக்கு,

ஸ்வீடனில், மால்மோ ஆஸ்பத்திரியில் உங்கள் இருமல் அடங்கியதா? நம் வீடு அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டார் பூச்செடிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றியிருக்கிறார்கள்.

நம் மகள் யூடித்தை அழைத்து வந்துவிட்டேன். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் நம்மைப் போன்ற யூதர்களைப் பிடிக்க ஜெர்மன்காரர்கள் கிளம்பியபோது, ஸ்வீடனுக்குப் போகும் படகில் குழந்தை அழுதால் எல்லாரும் மாட்டிக்கொள்வோம் என்று மீனவர் சொன்னதால் அந்தக் கடற்கரை ஊரில் ஆஸ்டாவிடம் விட்டுப்போனோமே, அப்போது யூடித்துக்குப் பேச்சே வரவில்லை. இப்போது நன்றாகப் பேசுகிறாள். ஆஸ்டாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த மாமி எப்போ போவாங்க?" என்று கேட்டாள்.

"குழந்தை ஒரு வாரம் இங்கயே இருந்து என்கூடப் பழகட்டுமே," என்று ஆஸ்டாவிடம் சொன்னேன்.

ஆஸ்டா அழுதுவிட்டாள். "வேண்டாம்மா, இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. நாளைக்குன்னா என்னால விட முடியாது."

ரயிலில் யூடித் என் கையைக் கடித்துவிட்டாள். ரொட்டி கொடுத்தால் தள்ளிவிடுகிறாள். இப்போது வாசற்கதவை உதைத்துக்கொண்டு, "எங்க அம்மாகிட்ட விடுங்க" என்று கத்துகிறாள். கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருக்கிறேன். பெற்ற பிள்ளையை யாராவது பூட்டிவைப்பார்களா? திறந்தால் ஓடிவிடுவாள்.

சீக்கிரம் வாருங்கள். வர முடியாவிட்டாலும், அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் எழுதினால் நான் செய்துவிடுவேன்.

உங்கள் மனைவி